மூன்றிலிருந்து இரண்டுக்கு

சாணக்யபுரியில் தூதரகங்களுக்கு நடுவே போகும் அகலமான சாலை. ஞாயிற்றுக்கிழமை காலை. புல்லில் ஈரம் இருக்கும், ஆனால் ஸ்வெட்டர் இன்னும் தேவைப்படாது. டெல்லியில் வருஷத்துக்கு மூன்று வாரம் மட்டும் கிடைக்கும் பருவம் அது. நான் காரை மூன்றாவது கியரில் ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் என் மனைவி ரேணுகா. ஓட்டத் தெரிந்தவள் அவள். கற்றுக்கொள்கிறவன் நான்.

முன்னால் ரவுண்டானா வந்தது. வேகத்தைக் குறைத்து இரண்டாவது கியருக்கு இறங்க வேண்டும்.

“ரேஸ் விடு,” என்றாள் ரேணுகா.

விட்டேன். வலது காலால் ஆக்ஸிலேட்டரில் ஓங்கி ஒரு மிதி. இஞ்சின் உறுமியது. ஒரு தூதரகத்து மதிலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலர் எழுந்தே நின்றுவிட்டார். நல்லவேளை, பயத்தில் என் இடது கால் கிளட்சை ஏற்கெனவே அமுக்கிப் பிடித்திருந்தது. அதனால் சத்தம் மட்டும்தான் வந்தது, கார் பாயவில்லை. அதே பதற்றத்தில் இரண்டாவது கியரைப் போட்டுக் கிளட்சிலிருந்து காலை எடுத்தேன்.

வழக்கமாக இந்த இடத்தில் கார் மூக்கால் ஒரு கும்பிடு போடும். நாங்கள் இருவரும் சேர்ந்து முன்கண்ணாடிக்குக் கும்பிடு போடுவோம். அன்று ஒன்றும் நடக்கவில்லை. கியர் மாறியதே தெரியாமல் கார் ரவுண்டானாவுக்குள் நுழைந்தது.

ரேணுகா திரும்பி என்னைப் பார்த்தாள்.

“என்ன பண்ணீங்க?”

“நீ சொன்னதத்தான் செஞ்சேன்.”

“நான் விடுன்னு சொன்னேன்.”

“விட்டேன்லா.”

அன்று அந்த ரவுண்டானாவை மூன்று தடவை சுற்றினோம். நடந்தது என்னவென்று இருவருக்கும் விளங்க அவ்வளவு நேரம் ஆயிற்று. காவலர் மூன்று தடவையும் எங்களை எண்ணிக்கொண்டு நின்றார்.

ஒரு சொல், இரண்டு ஊர்

ரேணுகா டெல்லியில் பிறந்தவள். அவள் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து மத்திய அரசில் குமாஸ்தாவாக இருந்து, ஓய்வு பெற்றதும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கே திரும்பிவிட்டார். மகள் இங்கேயே நின்றுவிட்டாள். வீட்டில் தமிழ் பேசுவாள். வீட்டுக்கு வெளியே உள்ள உலகம் முழுவதும் அவளுக்கு இந்திதான். கோபம் வந்தால் வீட்டுக்குள்ளும் இந்தி.

கார் ஓட்ட அவள் கற்றது கல்யாணத்துக்கு முன்னால், சரோஜினி நகர்ப் பக்கம் ஒரு டிரைவிங் ஸ்கூலில், ஒரு சர்தார்ஜியிடம். டெல்லியில் ஆக்ஸிலேட்டருக்கு ‘ரேஸ்’ என்று பெயர். ‘ரேஸ் சோடோ’ என்பார் சர்தார்ஜி. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடு என்று அர்த்தம். சோடோவுக்குத் தமிழ் என்ன? விடு. ஆகவே ரேணுகா எனக்குச் சொன்னாள், ‘ரேஸ் விடு.’ அவள் கணக்கில் பிசகே இல்லை.

நான் கோவில்பட்டிக்காரன். எங்கள் ஊரில் பட்டம் விடுவார்கள், கதை விடுவார்கள், கன்னத்தில் அறை விடுவார்கள். புதிதாக ஒரு பஸ் ஓட ஆரம்பித்தால் ‘எட்டயபுரத்துக்கு பஸ் விட்டிருக்கான்’ என்பார்கள். ‘ரேஸ் விடு’ என்று யாராவது சொன்னால் எங்கள் ஊர்க் கால் ஆக்ஸிலேட்டரை அமுக்கத்தான் செய்யும்.

வேலையை விடுவதும் விடுவதுதான், விசில் விடுவதும் விடுவதுதான். பிடித்திருந்ததைக் கைவிடவும் அதே சொல், இல்லாத ஒன்றைக் கிளப்பிவிடவும் அதே சொல். தமிழ் படித்த நான் அதற்கு முன் இதை யோசித்ததே இல்லை. ஒரு வேப்பமரத்தில் மோதப் பார்த்த பிறகுதான் யோசித்தேன். வேப்பமரம் அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அன்று கிளட்சில் கால் இல்லை.

இந்தியிலேயே சொல்லிக்கொடுத்திருந்தால் இந்த வம்பு இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாம் என்றவன் நான்தான். டெல்லி வந்து பத்து வருஷம் ஆகியும் என் இந்தி ஆபீஸ் இந்தி. ஊழியர்களுக்கு வைக்கும் இந்தித் தேர்வை எழுதித் தேறியவன். ‘தகுந்த நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது’ என்பதைப் பிழையில்லாமல் எழுதுவேன். ஆனால் யாராவது அமுக்கு என்பதற்கு ‘தபாவோ’ என்றால் அதை உள்ளே வாங்கி, தமிழாக்கி, காலுக்கு அனுப்ப எனக்கு இரண்டு விநாடி ஆகும். அதற்குள் கார் வேப்பமரத்துக்குப் போய்விடும். அதனால் கௌரவமாக, ‘எனக்குத் தமிழ்லயே சொல்லு’ என்று கேட்டுக்கொண்டேன். கேட்டது கிடைத்தது.

காருக்குள் ‘ங்க’ கிடையாது

கார் பழையது. அந்த நாளில் டெல்லியில் பாதிப் பேரிடம் இருந்த அதே வெள்ளை நிறச் சின்னக் கார்தான். தென்னாட்டுக்கு மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி விட்டுவிட்டுப் போனதை நாங்கள் வாங்கிக்கொண்டோம். அதில் முதலில் போனது ஆர்.கே.புரம் மலை மந்திருக்கு. பூஜை முடிந்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, குருக்கள் சாவியை என்னிடம் நீட்டினார். நான் அதை வாங்கி ரேணுகாவிடம் கொடுத்தேன். குருக்கள் ஒரு கணம் முருகனைப் பார்த்தார், பிறகு எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். ரேணுகா நாலையும் ஒரே சீராக நசுக்கினாள்.

ஒரு வருஷத்துக்கும் மேலாக அவள்தான் ஓட்டினாள். காலையில் என்னை ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டு, சாணக்யபுரியில் ஒரு தூதரகத்தில் விசாப் பிரிவில் இருந்த தன் வேலைக்குப் போவாள். மனைவி ஓட்ட, நான் பக்கத்தில் டிபன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்குவதை என் பிரிவில் இருந்தவர்கள் ஜன்னலில் நின்று பார்ப்பார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. டிபன் பாக்ஸைப் பிடிக்க எனக்கு நன்றாக வரும்.

பிறகு ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது ரேணுகா சொன்னாள்: “நீங்க ஓட்டக் கத்துக்கணும். ஜட்கா இல்லாம ஓட்டணும். அப்புறம்தான் மத்தது.”

ஜட்கா என்றால் இந்தியில் குலுக்கல், உதறல். எங்கள் ஊரில் ஜட்கா என்றால் குதிரை வண்டி. வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் அதை வைத்து ஒரு வேடிக்கை பேசியிருப்பேன். அன்று பேசவில்லை. ‘மத்தது’ என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை, காரைக் கிளப்புவதற்கு முன்னால் அவள் என்னிடம் ஓர் அனுமதி கேட்டாள்.

“ஓட்டும்போது நான் ஆர்டர் குடுக்கறதுல ‘ங்க’ போட மாட்டேன். ஜல்தில வராது. பரவாயில்லையா?”

மரத்தில் மோதுவதைவிட ‘ங்க’ போனால் போகட்டும் என்றேன். அப்படித்தான் ஒப்பந்தம் ஆயிற்று. ஓட்டுவதற்கான பேச்சில் மிதி, போடு, விடு. மற்றப் பேச்செல்லாம் எப்போதும்போல வாங்க, போங்க. ரேணுகா இந்தக் கோட்டை ஒரு நாளும் தாண்டியதில்லை. ‘பிரேக் மிதி’ என்று கத்திவிட்டு, கார் நின்றதும், ‘தண்ணி குடிக்கறீங்களா?’ என்று கேட்பாள்.

ஓடும் பஸ்ஸில் ஏறுவது

அந்த ரவுண்டானாவில் நான் தெரியாமல் செய்தது ஒரு வித்தை என்று பிற்பாடு தெரிந்தது. கார் ஓட்டாதவர்களுக்காக அதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஓட்டுகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

தொண்ணூறுகளில் டெல்லியில் பஸ் ஏறியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். தனியார் பஸ்கள் எந்த நிறுத்தத்திலும் முழுசாக நிற்காது. வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். அந்த பஸ்ஸில் நின்ற இடத்திலிருந்து கம்பியைப் பிடித்தால் தோள்பட்டை கழன்றுவிடும். தெரிந்தவன் என்ன செய்வான்? பஸ்ஸோடு நாலு அடி ஓடுவான். பஸ்ஸின் வேகம் தன் காலுக்கு வந்ததும் படியில் காலை வைப்பான். ஏறியதே தெரியாது.

காரில் சக்கரம்தான் பஸ். இஞ்சின்தான் ஏறுகிறவன். கிளட்சை மிதித்தால் இரண்டும் கைவிட்டுத் தனித்தனியாகிவிடும். மூன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு இறங்கும்போது, அதே வேகத்துக்கு இஞ்சின் இன்னும் விரைவாகச் சுற்றியாக வேண்டும். ஆனால் நாம் காலை எடுத்துவிட்டதால் அது சோம்பிப் போய்க் கிடக்கும். அந்த நிலையில் கிளட்சைச் சட்டென்று எடுத்தால், ஓடுகிற சக்கரம் நிற்கிற இஞ்சினைப் பிடித்து இழுக்கும். அதுதான் கும்பிடு. அதுதான் ஜட்கா.

கிளட்ச் அமுங்கியிருக்கும்போதே ஆக்ஸிலேட்டரில் ஒரே ஒரு தட்டுத் தட்டினால் இஞ்சின் நாலு அடி ஓடிவிடும். பிறகு கிளட்சை எடுத்தால் சக்கரமும் இஞ்சினும் சேருவது வெளியே தெரியாது. தட்டு அதிகமானால் கார் முன்னால் தள்ளும், குறைந்தால் பின்னால் இழுக்கும். எவ்வளவு என்பது காதுக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

சர்தார்ஜி இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. கிளட்சை மெல்ல மெல்ல எடுத்துச் சமாளிப்பது ரேணுகாவின் முறை. மூன்று சுற்றுக்குப் பிறகு காரை ஓரம் கட்டச் சொல்லி, தானே ஓட்டிப் பார்த்தாள். அவளுக்கு வரவில்லை. ‘ரேஸ்’ என்றால் அவள் கால் தானாக மேலே வந்தது. எனக்குக் கீழே போயிற்று. பிறந்ததிலிருந்து ஒரு சொல்லை ஒரு பக்கமாகவே கேட்டு வளர்ந்த கால்கள்.

அதன்பின் எங்கள் காருக்கென்று ஓர் அகராதி உண்டாயிற்று. காலை மேலே கொண்டுவர வேண்டுமென்றால் ‘எடு.’ ‘விடு’ என்றால் ஒரு தட்டு மட்டும். வேறு அர்த்தம் கிடையாது. ரேணுகா டெல்லி அர்த்தத்தை வெளியே வைத்துவிட்டு, கோவில்பட்டி அர்த்தத்தை எடுத்துக்கொண்டாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் என் ஊருக்கு விட்டுக்கொடுத்தது இது ஒன்றுதான் என்று நான் சொன்னால், நீளமான ஒரு பட்டியலோடு வருவாள். அதனால் சொல்லவில்லை.

முனிர்காவில் ஒரு மெக்கானிக்கிடம் காரை விட்டபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். நான் இரண்டுக்கு இறங்கியதும் என் காலைக் குனிந்து பார்த்தார். “யே தோ ட்ரக்வாலோன் கா காம் ஹை, சாப்,” என்றார். இது லாரிக்காரர்கள் வேலையாம். பழைய லாரிகளில் இந்தத் தட்டு இல்லாவிட்டால் கியரே விழாதாம். ‘எந்த உஸ்தாதிடம் கற்றீர்கள்?’ என்று கேட்டார். என் மனைவியிடம் என்றேன். அவர் நம்பவில்லை.

சைனஸ்

முனிர்கா என்றதும் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. சொல்லாமல் இந்த அத்தியாயத்தை எழுத முடியாது.

அந்த மெக்கானிக் கடைக்கு ஆர்.கே.புரத்திலிருந்து நேராக ஒரு சந்து உண்டு. நான் அந்தச் சந்தில் போவதில்லை. மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போவேன். ஏன் சுற்றுகிறீர்கள் என்று ரேணுகா ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

கார் வாங்குவதற்குக் கொஞ்ச காலம் முன்பு எங்களிடம் ஸ்கூட்டர் இருந்தது. ஒரு சாயங்காலம் முனிர்காவில் தமிழ்க் கடைக்குப் போய் இட்லி அரிசியும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு அந்தச் சந்து வழியாக வந்தோம். ரேணுகா பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது மாதம். பக்கத்துச் சந்திலிருந்து காய்கறித் தள்ளுவண்டி ஒன்று குறுக்கே வந்தது. நான் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கி, கிளட்சைச் சட்டென்று விட்டேன். ஸ்கூட்டர் உதறியது. அவள் உடம்பு முழுவதும் என் முதுகில் வந்து மோதியது. கறிவேப்பிலைக் கட்டு ரோட்டில் விழுந்தது.

“ஒண்ணும் இல்ல, போங்க,” என்றாள்.

இரண்டு நாள் கழித்து ஒன்றும் இல்லாமல் போயிற்று.

டாக்டர் அம்மாள் பஞ்சாபி. இப்படிச் சில சமயம் நடக்கும், காரணம் தேடாதீர்கள் என்றார். நான் ரேணுகாவை விட்டுவிட்டுத் தனியாகப் போய், வராந்தாவில் அவரை மடக்கி, என் ஆபீஸ் இந்தியில் ஸ்கூட்டரைப் பற்றிக் கேட்டேன். ‘அப்படிச் சொல்ல முடியாது’ என்றார். அதனால்தான் என்றும் சொல்லவில்லை, அதனால் இல்லை என்றும் சொல்லவில்லை. அவருக்கு அடுத்த நோயாளி காத்திருந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் ரேணுகா ஸ்கூட்டரில் ஏறவில்லை. காற்று முகத்தில் அடிக்கிறது, சைனஸ் என்றாள். அவளுக்குச் சைனஸ் கிடையாது. பஸ்ஸில் போனாள், ஆட்டோவில் போனாள். நானும் சரி, சைனஸ்தான் என்று தலையாட்டினேன். இரண்டு மாதம் மாடிப்படிக்குக் கீழே தூசியோடு நின்ற ஸ்கூட்டரை விற்றேன். விற்கிற அன்றும் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

நீங்கள் ஓட்டியதால்தான் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். உங்களால் இல்லை என்று சொல்லியிருந்தாலும் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் இரண்டையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் இரண்டில் ஒன்று வந்துவிடுமே என்ற பயம். இரண்டு வருஷம் ஒரே வீட்டில் ஒரே சோற்றைத் தின்றுகொண்டு அப்படி இருந்தோம். அந்தப் பயத்தோடுதான் நான் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டியரிங் பிடித்தேன் என்பதைக் காவலருக்கோ குருக்களுக்கோ எப்படித் தெரியும்?

கண்ணி

டிசம்பர் வந்ததும் ரேணுகா பின் இருக்கைக்கு மாறினாள். கையில் கம்பளி நூலும் இரண்டு ஊசியும்.

டெல்லியில் குளிர்காலம் வந்தால் ஆபீஸ் பெண்கள் மதியவேளையில் புல்வெளியில் வெயிலுக்கு உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவார்கள். நிலக்கடலை உரிப்பதும், ஊர்க்கதை பேசுவதும், பின்னுவதும் ஒன்றாக நடக்கும். ரேணுகாவும் அந்தக் கூட்டத்தில் தேறியவள். சாம்பல் நிறத்தில் எனக்கு ஒரு கையில்லாத ஸ்வெட்டர் ஆரம்பித்திருந்தாள். அதைக் காரில் பின்னுவதாகச் சொன்னாள்.

பரீட்சை என்று அவள் சொல்லவில்லை. நானாகப் புரிந்துகொண்டேன். குனிந்து பின்னிக்கொண்டே வருவாள். நான் சாணக்யபுரியை விட்டு ரிங் ரோடு, மோதி பாக், தவுலா குவான் என்று சுற்றுவேன். கியர் இறங்கும்போது கார் உதறினால் பின்னாலிருந்து குரல் வரும்.

“கண்ணி விட்டுப்போச்சு.”

கோபமில்லாத குரல். விட்டுப்போன கண்ணியைத் தேடி எடுத்து, மறுபடி ஊசியில் ஏற்றி, அதற்குப் பிறகுதான் மேலே பின்னுவாள். முதல் ஞாயிற்றுக்கிழமை ஒன்பது கண்ணி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து. ஒரு தடவை பனிமூட்டத்தில், திடீரென்று முன்னால் ஒரு மாடு முளைத்து, ஒரு வரிசையே அவிழ்ந்துபோயிற்று. அன்று ‘பஸ், வீட்டுக்குப் போலாம்’ என்றாள். போதும் என்பதற்கு இந்தியில் பஸ். அவளுக்கு மனசு சரியில்லாவிட்டால் அந்தச் சொல்தான் வரும்.

ஆபீஸில் கோப்பு பார்க்கும்போதும் என் வலது கால் மேஜைக்கடியில் தட்டிக்கொண்டே இருக்கும். எதிர் மேஜைக்காரர் எனக்கு நரம்புத் தளர்ச்சி என்று நினைத்து ஒரு வைத்தியரின் முகவரி கொடுத்தார்.

அந்த ஸ்வெட்டரைப் பல வருஷம் போட்டிருந்தேன். கீழ்ப்பகுதி கோணல் மாணலாக இருக்கும். மேலே வரவர நேராகிக்கொண்டு போகும். கழுத்துப் பக்கம் கடையில் வாங்கியதுபோல இருக்கும்.

குளிர் குறையத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. போய்த் திரும்பும் வரை பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. வீட்டு வாசலுக்கு வந்து நிறுத்தப்போகும்போது கண்ணாடியில் பார்த்தேன். அவள் கையில் சாம்பல் நூல் இல்லை. மஞ்சள் நூல். ஊசியில் தொங்கியது என் உள்ளங்கை அகலம்தான் இருந்தது.

நான் காரை அணைக்க மறந்து உட்கார்ந்திருந்தேன்.

“ரெண்டு வாரம் தள்ளிப்போயிருக்கு,” என்றாள் ரேணுகா. “ஒண்ணும் விட்டுப்போகல இன்னிக்கு.”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷத்தைவிட பயம் அதிகமாக இருந்தது. சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, பால் வாங்கவேண்டுமா என்று கேட்டேன்.

மோதி பாக் சிக்னல்

மகள் பிறந்தாள், நன்றாகப் பிறந்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்களைத் திகிலில் உட்கார வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. இப்போது அவளும் கார் ஓட்டுகிறாள், தானே கியர் மாற்றிக்கொள்ளும் கார். நான் இங்கே சொல்லவந்தது அவள் பிறப்பதற்கு நாலு மணி நேரம் முன்னால் நடந்தது.

மழைக்காலம் முடிகிற நேரம். சொன்ன தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ரேணுகாவின் அம்மா வேலூரிலிருந்து கிளம்ப டிக்கெட் எடுத்திருந்தது அடுத்த வாரத்துக்கு. மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தேன். ரேணுகா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “போலாம்,” என்றாள்.

பின் இருக்கையில் தலையணை வைத்து உட்காரவைத்தேன். கொட்டும் மழை. ஆஸ்பத்திரி ரிங் ரோட்டில், சாதாரண நாளில் பதினைந்து நிமிஷம். அன்று ரோடு முழுக்கத் தண்ணீர். பஸ்கள் நட்ட நடுவில் நின்றன. மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று, மறுபடி இரண்டு. ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு தட்டு. பின்னால் அவளுக்கு வலி வரும்போது கதவுக் கைப்பிடி கிறீச்சிடும். அது எனக்குக் கேட்கும். கார் உதறவில்லை. ஒரு தடவைகூட உதறவில்லை. நான் எண்ணிக்கொண்டே வந்தேன், பதினாறு இறக்கம்.

மோதி பாக் சிக்னலில் சிவப்பு. முன்னால் ஒரு ஸ்கூட்டர். ஓட்டியவர் தலைக்கவசத்துக்கு மேல் பாலிதீன் பையைக் கட்டியிருந்தார். பின்னால் அவர் மனைவி ஒருக்களித்து உட்கார்ந்து, முக்காடு நனைய, அவர் தோளைப் பிடித்திருந்தாள். என்னால் அந்த ஸ்கூட்டரைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நியூட்ரலில் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். வைப்பர் இரண்டு பக்கமும் போய்ப் போய் வந்தது.

இரண்டு வருஷமாகத் தொண்டையில் இருந்தது அப்போது வந்தது. கண்ணாடியைப் பார்க்காமல் சொன்னேன்.

“அன்னைக்கு முனிர்காவுல, ஸ்கூட்டர்ல, நான்தான் கிளட்ச...”

“விடுங்க,” என்றாள் ரேணுகா.

என் வலது கால் ஒரு தட்டுத் தட்டியது. பழக்கதோஷம். கால் ‘விடு’வைக் கேட்டது, ‘ங்க’வைக் கேட்கவில்லை. நின்ற இடத்தில் இஞ்சின் ஒரு உறுமல் உறுமி அடங்கியது. முன்னால் இருந்த ஸ்கூட்டர்காரர் திரும்பி, சிவப்பு விளக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

கண்ணாடியைப் பார்த்தேன். ரேணுகா கைப்பிடியை இறுகப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை.

“அது காருக்கு இல்ல,” என்றாள். “உங்களுக்கு.”

பச்சை விழுந்தது. முதல் கியரைப் போட்டேன். அங்கிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை எத்தனை தடவை கியர் இறக்கினேன் என்று எனக்கு நினைவில்லை. அதன்பின் நான் எண்ணவில்லை.